கயாக், கனூ உலகப் போட்டிகளில் 'உலக சாதனை' என்று ஏன் யாருமே சொல்வதில்லை?

நிறுத்துகடிகாரம் கேட்டது:

ஓட்டம், நீச்சல் இரண்டையும் பல வருடமாக நேரக் கணக்கோடு பார்க்கிறவன் நான். யார் ஜெயித்தார் என்பதை விட எத்தனை விநாடியில் ஜெயித்தார் என்பதில்தான் எனக்கு ருசி. பாரிஸ் ஒலிம்பிக்கின்போது வேறு எதையோ தேடப்போய் கயாக், கனூ ஸ்பிரிண்ட் பந்தயங்களில் மாட்டிக்கொண்டேன். அப்புறம் 2025 ஆகஸ்டில் மிலானில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பையும் விடவில்லை. ஒன்பது படகுகள், ஒன்பது நேர்க்கோட்டுத் தடங்கள், அமைதியான ஏரி. கணக்கு போடுவதற்கென்றே செய்துவைத்த விளையாட்டு மாதிரி தெரிந்தது.

ஆனால் கணக்கு உதைக்கிறது. கே-1 என்னும் ஒற்றையாள் கயாக், ஆண்கள் 1000 மீட்டர். ஒலிம்பிக் தங்க நேரங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்:

1996 அட்லாண்டா, நூட் ஹோல்மன், 3:25.785
2000 சிட்னி, அதே ஹோல்மன், 3:33.269
2004 ஏதென்ஸ், எய்ரிக் வெரோஸ் லார்சன், 3:25.897
2008 பெய்ஜிங், டிம் பிரபண்ட்ஸ், 3:26.323
2012 லண்டன், மறுபடி லார்சன், 3:26.462
2016 ரியோ, மார்கஸ் வால்ஸ், 3:31.447
2020 டோக்கியோ, பாலிண்ட் கோபாஸ், 3:20.643
2024 பாரிஸ், யோசெஃப் தோஸ்தால், 3:24.07

இது என்ன வரிசை? நார்வேக்காரர் ஹோல்மன் நாலு வருடத்தில் ஏழரை விநாடி மெதுவாகிவிட்டார், ஆனாலும் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. நீச்சலில் இப்படி நடந்தால் விசாரணைக் கமிஷன் வைப்பார்கள்.

வர்ணனையாளர்களும் 'உலகச் சிறந்த நேரம்' என்று ஒன்றை மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பாரிஸில் பெண்கள் சி-1, அதாவது ஒற்றையாள் கனூ, 200 மீட்டரில் கனடாவின் கேட்டி வின்சென்ட் 44.12 விநாடியில் வந்தார், அமெரிக்காவின் நெவின் ஹாரிசன் 44.13. அதுவரை யாருமே போகாத வேகம். அப்போதும் பேச்செல்லாம் ஒரு நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தைப் பற்றித்தானே தவிர சாதனையைப் பற்றி இல்லை. ஏன் இந்தக் கூச்சம்? நேரத்தை நம்ப முடியாதென்றால் இவர்களை எதை வைத்துத்தான் ஒப்பிடுவது?

---

இடதுமுழங்கால் எழுதியது:

கூச்சமெல்லாம் இல்லை. காற்று.

உங்கள் பட்டியலில் மிக நல்ல ஜோடியைப் பிடித்திருக்கிறீர்கள், அதிலிருந்தே தொடங்கலாம். ஹோல்மனின் ஏழரை விநாடியைத் தூரமாக மாற்றிப் பாருங்கள். சிட்னியில் அவர் போன சராசரி வேகத்தில் அது சுமார் 35 மீட்டர். கே-1 படகின் நீளம் 5.20 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அப்படியென்றால் அட்லாண்டா ஹோல்மனும் சிட்னி ஹோல்மனும் ஒரே ஏரியில் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் போட்டியிட்டிருந்தால், பழையவர் கிட்டத்தட்ட ஏழு படகு நீளம் முன்னால் வந்திருப்பார். அந்தத் தரத்தில் இருக்கிற ஒருவர் நாலு வருடத்தில் அவ்வளவு தேய்ந்தால் இறுதிப் போட்டிக்கே வரமாட்டார். சிட்னி போட்டி நடந்த பென்ரித் ஏரியில் அந்த வாரம் காற்று பெரிய தலைவலியாக இருந்தது. கடைசி நாள் பந்தயங்களை மணிக்கணக்கில் தள்ளிவைத்தார்கள். அதே சிட்னியில் அவர் 500 மீட்டரையும் ஜெயித்தார். தேய்ந்த ஆள் செய்கிற காரியமா அது?

நான் கிளப் அளவில் சி-1 ஓட்டியவன், இடப்பக்கத் துடுப்பு. பெயரைப் பார்த்தாலே படகு ஓட்டுகிறவர்களுக்குப் புரிந்திருக்கும்: இடப்பக்கம் போடுகிறவர் இடது முழங்காலைத்தான் ஊன்றுவார். ஓட்டுவதை விட்ட பிறகு போட்டிகளில் தொடக்க மிதவையில் தொண்டு வேலைக்குப் போவேன். மிதவையில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, படகின் வால்முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிற வேலை. முன்முனை ஒரு தொட்டி மாதிரியான தடுப்புக்குள் நுழைந்து நிற்கும். தொடக்க ஒலி வந்ததும் அந்தத் தடுப்பு தண்ணீருக்குள் விழும், நாங்கள் விடுவோம். சட்டையெல்லாம் நனைந்துபோகும், முழங்கை சிராய்க்கும். ஆனால் அரங்கத்தில் யாருக்கும் கிடைக்காத ஒன்று அந்த இடத்தில் கிடைக்கும். இந்த ஐந்து நிமிடத்தில் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு என்பது வால்முனை வழியாகக் கைக்கே தெரியும். குறுக்குக் காற்று என்றால் படகைத் தடத்துக்கு நேராக வைத்திருக்கவே தோள் வலிக்கும். அடுத்த பந்தயத்துக்குப் பத்து நிமிடம் கழித்துப் படுத்தால் ஒன்றுமே இருக்காது, ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கும். இந்த இரண்டு பந்தயங்களின் நேரத்தையும் ஒரே அட்டவணையில் எழுதி என்ன செய்வது?

ஓட்டத்தில் விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று வீசினால் சாதனை செல்லாது என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். இங்கே அதையும் போட முடியாது. காற்று ஓட்டுகிறவரின் மார்பில் மட்டும் அடிப்பதில்லை, தண்ணீரையும் கலக்குகிறது. கிலோமீட்டர் நீளத்துக்குக் காற்று வீசினால் ஒரு முனையில் சிற்றலை, மறுமுனையில் ஓரளவு பெரிய அலை. பின்காற்றில் அந்த அலையின் முதுகில் படகைத் தள்ளத் தெரிந்தவர் லாபம் பார்ப்பார், தெரியாதவருக்கு அதே பின்காற்று தொந்தரவு. ஒரு காற்றுமானியை வைத்து இதையெல்லாம் எப்படிக் கழிப்பது?

காற்றோடு முடிந்ததா என்றால் இல்லை. தண்ணீரின் ஆழமும் இருக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் படகு எழுப்புகிற அலை தரையோடு மோதிக்கொள்வதால் படகு இழுபடும். அதனால்தான் எல்லாத் தடத்திலும் ஆழம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று கண்டிப்பாக இருக்கிறார்கள். ஒரு ஏரிக்குள் சீராக வைக்கலாம். ஹங்கேரியின் செகெட் ஏரியையும் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் ஏரியையும் போலந்தின் போஸ்னான் ஏரியையும் ஒன்றாக்க முடியுமா? தண்ணீரின் வெப்பமும் கொஞ்சம் சேரும், சூடான தண்ணீர் சற்று இளகலாக இருக்கும். நீச்சல் குளத்தில் இதையெல்லாம் சுவர் கட்டி, ஹீட்டர் போட்டு அடக்கிவிட்டார்கள்.

கருவிகள் வேறு மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 1980களின் நடுவில் ஸ்வீடன்காரர்கள் விமான இறக்கை வடிவத்தில் வளைந்த துடுப்பைக் கொண்டுவந்தார்கள். சில வருடத்தில் கயாக்கில் தட்டைத் துடுப்பு காணாமல் போயிற்று. கே-1 படகுக்குக் குறைந்தது 51 சென்டிமீட்டர் அகலம் வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதைச் சமாளிக்க, உட்காருகிற இடத்துக்குப் பின்னால் மட்டும் வைர வடிவத்தில் புடைத்த படகுகளைச் செய்தார்கள், தண்ணீரைத் தொடுகிற இடத்தில் ஒல்லியாகவே இருக்கும். சிட்னிக்குப் பிறகு அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். ஆக உங்கள் பட்டியலில் முதல் இரண்டு வரியும் அதற்குக் கீழே இருப்பவையும் வேறு வேறு படகுகள். ஜெர்மனியின் பிர்கிட் ஃபிஷர் 1980இல் மாஸ்கோவில் முதல் தங்கம், 2004இல் ஏதென்ஸில் எட்டாவது தங்கம். நடுவில் 1984 புறக்கணிப்பில் போனது. தட்டைத் துடுப்பில் தொடங்கி இறக்கைத் துடுப்பில் முடித்த அவரை நேரத்தை வைத்து அளந்தால் எதுவும் கிடைக்காது. நாற்பத்திரண்டு வயதில் பக்கத்துத் தடங்களில் இருந்தவர்களை முந்தினார் என்பது கிடைக்கும்.

கயாக்குக்கே இந்தக் கதை என்றால் கனூவுக்கு இன்னொரு படி மேலே. கயாக் ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கிறார், துடுப்புக்கு இரண்டு பக்கமும் அலகு, பாதத்தால் திருப்புகிற சுக்கான் வேறு. சி-1 ஓட்டுகிறவர் ஒரு முழங்காலில் நிற்கிறார், ஒற்றை அலகு, சுக்கான் கிடையாது, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பக்கம்தான் போடுவார். கதவை ஒரு ஓரத்தில் தள்ளினால் சுழலத்தானே செய்யும். அதனால் ஒவ்வொரு இழுப்பின் கடைசியிலும் துடுப்பைக் கொஞ்சம் திருப்பிப் படகை நேராக்க வேண்டும், அதற்கும் சக்தி போகும். இப்போது குறுக்குக் காற்றைச் சேருங்கள். அதே காற்று இடப்பக்கக்காரருக்கும் வலப்பக்கக்காரருக்கும் ஒரே காற்று இல்லை. ஒருவருக்கு நேராக்குகிற வேலையைக் குறைக்கும், இன்னொருவருக்கு இரட்டிப்பாக்கும். சி-1 இறுதிப் போட்டியில் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் யார் யார் எந்தப் பக்கம் போடுகிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். கொடிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்பதையும்.

அதனால்தான் சர்வதேச கனூ கூட்டமைப்பு 'சிறந்த நேரம்' என்று குறித்துவைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. என்னைக் கேட்டால் அதையும் எழுதாமல் விடலாம்.

---

கே4பின்னிருக்கை எழுதியது:

இடதுமுழங்கால் சொன்னதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன், கடைசி வரியைத் தவிர. நேரத்தை எழுதாமல் விட்டால் பயிற்சியாளர்கள் பிழைப்பது எப்படி?

நான் நால்வர் கயாக்கில் கடைசி இருக்கையில் உட்கார்ந்தவன். எங்கள் பயிற்சியாளர் எதிராளியின் நேரத்தை விநாடியாகச் சொன்னதே கிடையாது. அதே நாள், அதே ஏரி, அரை மணிக்குள் நடந்த மற்றப் பந்தயங்களை எடுத்து, அவற்றில் ஜெயித்தவர்களின் நேரத்துக்கு நாங்கள் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார். நிறுத்துகடிகாரம், உங்களுக்கு அட்டவணை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் இப்படிப் போடுங்கள். வருடத்தோடு வருடத்தை ஒப்பிடாமல், ஒரே அமர்வுக்குள் ஒப்பிடுங்கள். அன்றைக்கு ஆண்கள் கே-1 1000இல் எல்லோருமே மெதுவென்றால் சி-1 1000இலும் மெதுவாகத்தான் இருக்கும். அந்த மெதுவில் யார் குறைவாக மெதுவானார் என்பது நல்ல தகவல்.

தகுதிச் சுற்று நேரங்களை மட்டும் நம்பாதீர்கள். முன்னணி ஆள் முதல் 600 மீட்டரை உண்மையாக ஓட்டுவார், இடம் உறுதியானதும் கையைத் தளர்த்திவிடுவார். பக்கத்துத் தடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவார். அரையிறுதியில் 'ஆறாவது வேகம்' என்று வந்த ஆள் இறுதியில் தங்கம் வாங்குவது இந்த விளையாட்டில் அதிசயமே இல்லை.

இன்னொன்று. படகுகளில் ஜிபிஎஸ் வைத்துத் திரையில் வேகத்தையும் நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்பதையும் காட்டுகிறார்கள். மொத்த நேரத்தை விட எனக்கு அதுதான் பிடிக்கும். டோக்கியோவில் கோபாஸ் சராசரியாக மணிக்கு 18 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போனார். பாரிஸில் ஜெர்மனியின் கே-4 ஆண்கள் அணி 500 மீட்டரை ஒரு நிமிடம் 20 விநாடிக்குள் முடித்தது, மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் படகு 11 மீட்டர் நீளம், காலிப் படகே குறைந்தது 30 கிலோ. அதைச் சும்மா நிற்கிற நிலையிலிருந்து கிளப்பி ஓட்டத்துக்குக் கொண்டுவருகிற முதல் சில இழுப்புகள்தான் கே-4. முன்னிருக்கை தாளம் வைக்கும், சுக்கானும் அதன் காலில்தான். நடுவில் இரண்டு பேர் எஞ்சின். கடைசி இருக்கையில் நான் பார்த்ததெல்லாம் முன்னால் இருக்கிறவரின் முதுகு, குடித்ததெல்லாம் மூன்று பேர் வாரி அடித்த தண்ணீர். ஜெயித்தோமா தோற்றோமா என்று முன்னிருக்கை தலையைத் தொங்கப்போட்டதா இல்லையா என்பதை வைத்துத்தான் எனக்குத் தெரியும்.

---

நிறுத்துகடிகாரம் எழுதியது:

சரி, அட்டவணையை அமர்வு வாரியாகப் பிரிக்கிறேன். பெரிய வேலை, ஆனால் நியாயமான வேலை.

இன்னும் இரண்டு சந்தேகம். டோக்கியோவில் கே-1 1000 மேடையில் ஹங்கேரிக்காரர்கள் இரண்டு பேர், கோபாஸும் ஆடம் வர்காவும். பாரிஸிலும் அதே இரண்டு பேர், வெள்ளியும் வெண்கலமும். ஆனால் உலக சாம்பியன்ஷிப் முடிவுகளை எடுத்தால் அந்தப் பந்தயத்தில் ஒரு ஹங்கேரிக்காரர்தான் இருக்கிறார். இன்னொருவர் எங்கே போனார்?

அடுத்தது, பழைய பதிவுகளைத் தேடும்போது 2014 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப் சி-1 1000 கிடைத்தது. பிரேசிலின் இசாகியாஸ் கெய்ரோஸ் முன்னால் வந்துகொண்டிருக்கிறார், கோட்டுக்குச் சற்று முன்னால் தண்ணீரில் விழுகிறார். படகு என்னவோ முன்னால்தான் இருந்தது. முடிவில் அவருக்கு இடமே இல்லை. இதுவும் காற்றா?

---

இடதுமுழங்கால் எழுதியது:

அது காற்று இல்லை. விதி இது: படகின் முன்முனை கோட்டைத் தொடும்போது ஓட்டுகிறவர் படகுக்குள் இருக்க வேண்டும். படகு மட்டும் மிதந்து போய்க் கோட்டைத் தாண்டினால் கணக்கில் வராது.

ஏன் விழுந்தார் என்றால், கடைசி இழுப்பில் எல்லோரும் செய்கிற ஒரு வேலையைப் பாருங்கள். கோட்டுக்கு முன் உடம்பைச் சட்டென்று பின்னால் சாய்த்துப் படகைக் காலுக்கடியில் முன்னே தள்ளுவார்கள். முன்முனை சில சென்டிமீட்டர் முந்தும். வின்சென்ட், ஹாரிசன் பந்தயத்தில் நூறில் ஒரு பங்கு என்பது அந்த வேகத்துக்கு நாலரை சென்டிமீட்டர்தான், அதனால் இந்தத் தள்ளலை யாரும் விடுவதில்லை. கயாக்கில் உட்கார்ந்துகொண்டு செய்வது பரவாயில்லை. சி-1இல் ஒற்றை முழங்காலில், மூன்றே முக்கால் நிமிடம் உழைத்துக் கால் மரத்துப்போன நிலையில், தள்ளாமல் வெறுமனே நிமிர்ந்து நிற்பதே பெரிய காரியம். நானும் கோட்டுக்கு அப்பால் விழுந்திருக்கிறேன், அப்பால் என்றால் கவலையில்லை, குளிக்கப் போகிறோம் அவ்வளவுதான். கெய்ரோஸுக்கு இப்பால் நடந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து ரியோவில் மூன்று பதக்கம், டோக்கியோவில் சி-1 1000 தங்கம் என்று வட்டியோடு வாங்கிவிட்டார்.

சில சமயம் இந்தத் தள்ளலெல்லாம் செய்தும் பிரிக்க முடியாமல் போகும். ரியோவில் ஆண்கள் கே-1 200 மீட்டரில் ஸ்பெயினின் சாவுல் கிராவியோட்டோவும் ஜெர்மனியின் ரொனால்ட் ரவ்ஹெயும் 35.662 என்று ஆயிரத்தில் ஒரு பங்கு வரை ஒன்றாக வந்தார்கள். இரண்டு பேருக்கும் வெண்கலம். அந்த ரவ்ஹெதான் பிறகு டோக்கியோவில் ஜெர்மனியின் கே-4 படகில் உட்கார்ந்து தங்கம் வாங்கினார்.

இப்போது ஹங்கேரி. ஒலிம்பிக்கில் ஒற்றையர் கயாக்கில் ஒரு நாடு இரண்டு பேரை இறக்க வழி உண்டு. உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு பந்தயத்துக்கு ஒரு நாட்டுக்கு ஒரு படகுதான். எனக்கு இந்த விளையாட்டில் பிடிக்காத விதி என்று ஒன்றைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். உலகின் இரண்டாவது சிறந்த ஆள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கலாம், முதல் ஆளும் அதே நாட்டுக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக. ஹங்கேரியின் உள்நாட்டுத் தேர்வுப் போட்டி சில வருடம் உலக இறுதியை விடக் கடுமையாக இருக்கும் என்று அதைப் பார்க்கிறவர்கள் சொல்வது சும்மா இல்லை. நியூசிலாந்துப் பெண்களிலும் அப்படித்தான். லிசா கேரிங்டனிடம் எட்டு ஒலிம்பிக் தங்கம் இருக்கிறது, அதில் மூன்று பாரிஸில் மட்டும். அவர் வராத 2021 கோபன்ஹேகன் உலக சாம்பியன்ஷிப்பில் கே-1 500 தங்கம் யாருக்குப் போனது? இன்னொரு நியூசிலாந்துக்காரர் எய்மி ஃபிஷருக்கு. இந்த இரண்டு பேரையும் ஒரே உலக சாம்பியன்ஷிப் இறுதியில் பார்க்க விதி விடாது.

விதியை ஆதரிக்கிறவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் சில பந்தயங்களில் ஒன்பது தடத்தில் பாதியை நாலு நாடுகளே நிரப்பிவிடும். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

இதன் இன்னொரு பக்கம் போர்ச்சுகலின் ஃபெர்னாண்டோ பிமென்டா. கே-1 1000இல் 2018, 2021, 2023 என்று மூன்று முறை உலக சாம்பியன். ஒலிம்பிக்கில் லண்டனில் இரட்டையரில் வெள்ளி, டோக்கியோவில் ஒற்றையரில் வெண்கலம், தங்கம் வரவே இல்லை. டோக்கியோவில் அவருக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் யார்? நீங்கள் கேட்ட அதே இரண்டு ஹங்கேரிக்காரர்கள். உலக சாம்பியன்ஷிப்பில் அவர்களில் ஒருவரைத்தான் அவர் சமாளிக்க வேண்டியிருந்தது. இதைச் சொன்னால் பிமென்டா ரசிகர்களுக்குக் கோபம் வரும். வரட்டும், நானும் அவர் ரசிகன்தான்.

முடிவுகளைப் படிக்கும்போது எந்த வருடம் என்பதையும் கவனியுங்கள். ஒலிம்பிக் நடக்கிற வருடத்தில் உலக சாம்பியன்ஷிப் நடந்தால் அதில் ஒலிம்பிக்கில் இல்லாத பந்தயங்கள்தான் இருக்கும், 2024 சமர்கந்து அப்படித்தான். ஒலிம்பிக்குக்கு முந்தைய வருடம் நேர் எதிர். 2019 செகெட்டிலும் 2023 டூயிஸ்பர்க்கிலும் ஒலிம்பிக் இடங்களும் பணயத்தில் இருந்தன. அந்த வருடங்களில் பதக்கத்துக்கான ஏ இறுதியில் தங்கம் யாருக்கு என்பதை விட, கடைசி ஒலிம்பிக் இடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறவர்களின் சண்டைதான் எனக்கு முக்கியம். ஏ இறுதிக்கு வராதவர்களுக்குப் பி இறுதி என்று காலையில் யாரும் இல்லாத அரங்கில் நடத்துவார்கள். அதில் ஜெயித்துவிட்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏ இறுதியில் வெள்ளி வாங்கியவர் அவ்வளவு அழுவதில்லை.

---

கே4பின்னிருக்கை எழுதியது:

பெண்கள் கனூவையும் சொல்லிவிடுங்கள், நிறுத்துகடிகாரத்தின் அட்டவணையில் அந்தப் பக்கம் காலியாக இருந்தால் ஏதோ தகவல் கிடைக்கவில்லை என்று நினைப்பார். பெண்கள் கயாக் 1948இலிருந்தே ஒலிம்பிக்கில் இருக்கிறது. கனூவில் பெண்களுக்கு உலக சாம்பியன்ஷிப் பந்தயமே 2010 போஸ்னானில்தான் வந்தது, ஒலிம்பிக்கில் டோக்கியோ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2010இல் முதல் சி-1 200 பட்டம் வாங்கிய கனடாவின் லாரன்ஸ் வின்சென்ட் லபாய்ன்ட், ஒலிம்பிக் கதவு திறந்தபோது வெள்ளி வாங்கினார். தங்கம் வாங்கியது பத்தொன்பது வயது ஹாரிசன்.

எடை சமாசாரமும் ஒன்று உண்டு. பந்தயம் முடிந்ததும் படகுகளைக் கூப்பிட்டு எடை பார்ப்பார்கள். கே-1க்குக் குறைந்தது 12 கிலோ. கார்பனில் அதை விட லேசாகச் செய்துவிடலாம் என்பதால் பலர் உள்ளே எடைக்கட்டி ஒட்டி வைத்திருப்பார்கள். குறைந்தால் ஜெயித்தது போச்சு. முடிவுப் பட்டியலில் நல்ல நேரத்தோடு வந்த ஒருவர் திடீரென்று மறைந்தால் காரணம் சில சமயம் இதுவாகவும் இருக்கும்.

---

இடதுமுழங்கால் எழுதியது:

ஆமாம், அதை மறந்துவிட்டோம். 5000 மீட்டரையும் கூடத்தான். நேரமே வேண்டாம், சண்டை மட்டும் போதும் என்கிறவர்களுக்கு அது. தடம் கிடையாது, எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி மிதவைகளைச் சுற்றி வருவார்கள். 1000 மீட்டர் வரையிலான பந்தயங்களில் பக்கத்துப் படகின் அலையில் ஒட்டிக்கொண்டு போனால் தண்டனை. இங்கே அதுவே தந்திரம்: முன்னால் போகிறவரின் பக்க அலையில் ஏறி உட்கார்ந்து, அவர் உழைப்பில் கொஞ்சம் பிழைத்து, கடைசிச் சுற்றில் வெளியே வருவது. பிமென்டா 2018இல் சொந்த நாட்டில், மொண்டெமோர்-ஓ-வேலோவில், 1000, 5000 இரண்டையும் ஜெயித்தார். இரண்டுக்கும் வேண்டிய குணம் முற்றிலும் வேறு, இருந்தும் ஜெயித்தார்.

சி-1 5000 பார்க்கும்போது மட்டும் வளைவுகளைக் கவனியுங்கள். வளைவு வழக்கமாக இடப்புறம். வலப்பக்கம் போடுகிறவர் சும்மா இழுத்தாலே படகு இடப்புறம் திரும்பும். எங்களைப் போல இடப்பக்கம் போடுகிறவர்கள் அந்த மிதவையைச் சுற்றுவதற்குள் இரண்டு படகு நீளம் போய்விடும். கூட்டமைப்புக்கு ஒரு தரமாவது வலப்புறம் வளையச் சொல்லி மனு போட வேண்டும் என்று எங்கள் கிளப்பில் இடப்பக்கக்காரர்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். வலப்பக்கக்காரர் ஒருவர்தான் செயலாளர், அதனால் நடக்கவில்லை.